எடை எங்கே இருக்கிறது? சமகால நடனத்தை உடம்பால் புரிந்துகொள்ள ஒரு தொடக்கம்

சமகால நடனத்தை முதன்முறை பார்க்கிறவர் பெரும்பாலும் கேட்பது "இதற்கு என்ன அர்த்தம்?" என்பதுதான். மேடையில் ஒருவர் மெல்ல நடக்கிறார், நிற்கிறார், தரையில் சரிகிறார், எழுகிறார். முத்திரை இல்லை, கதாபாத்திரம் இல்லை, சில சமயம் இசையும் இல்லை. கேள்வி நியாயமானது. ஆனால் அதைச் சற்று ஒத்திவைத்துவிட்டு, "இந்த உடம்பின் எடை இப்போது எங்கே இருக்கிறது?" என்று கேட்டுப் பாருங்கள். இடது காலிலா, வலது காலிலா, இரண்டுக்கும் நடுவிலா? விழப்போகிறதா, விழாமல் தாங்கிக்கொண்டிருக்கிறதா? இதைக் கவனிக்க ஆரம்பித்ததுமே நடனம் பிடிபடத் தொடங்கும். உடம்புக்கு வெளியே ஏதோ ஒரு செய்தி தயாராக இருந்து, அதை உடம்பு கொண்டுவந்து கொடுக்கிறது என்று இந்தக் கலையை நினைக்க வேண்டாம். எடை மாறுவதும் மூச்சு இறங்குவதும் மூட்டு மடங்குவதுமே இங்கே விஷயம்.

ஒவ்வொரு நுட்பமும் ஒரு கேள்வி

பரதநாட்டியத்துக்கு அடவுகள் உண்டு. ஐரோப்பியச் செவ்வியல் நடனமான பாலேக்குக் கால்களின் ஐந்து அடிப்படை நிலைகள் உண்டு. சமகால நடனத்துக்கு எல்லோரும் ஒப்புக்கொண்ட ஒரே இலக்கணம் கிடையாது. அதனால் எதை வேண்டுமானாலும் செய்யலாம் என்று முடிவுகட்டிவிடக் கூடாது. கடந்த நூறாண்டில் உருவான நுட்பங்கள் ஒவ்வொன்றும் உடம்பைப் பற்றிய ஒரு கறாரான கேள்வியிலிருந்து பிறந்தவை. அந்தக் கேள்விகள் தெரிந்தால் இலக்கணமும் தானே தெரியவரும்.

1926ல் தன் குழுவைத் தொடங்கிய அமெரிக்க நடனக் கலைஞர் மார்த்தா கிரஹாம், மூச்சு விடும்போது வயிறும் இடுப்பும் என்ன செய்கின்றன என்று பார்த்தார். மூச்சு வெளியேறும்போது அடிவயிறு உள்வாங்குகிறது, இடுப்பெலும்பு முன்னோக்கிச் சுருள்கிறது, முதுகு வளைகிறது. மூச்சு உள்ளே வரும்போது முதுகு மறுபடி நீள்கிறது. இந்தச் சுருக்கமும் விடுப்பும் அவருடைய முழு முறைக்கும் அடித்தளம். 1930ல் அவர் ஆடிய 'லாமென்டேஷன்' என்ற தனிநடனத்தில் பெரும்பகுதி ஒரு பலகையில் உட்கார்ந்தபடியே நடக்கும். உடம்பை மூடிய, இழுபடும் துணிக்குழலுக்குள்ளிருந்து முழங்கையும் முழங்காலும் துணியைத் தள்ளும். துணியில் விழும் அந்தச் சாய்கோடுகளே துயரம். முகபாவத்துக்கு அங்கே வேலை குறைவு.

இன்னொரு அமெரிக்க நடனக் கலைஞரான டோரிஸ் ஹம்ஃப்ரி வேறிடத்தில் தொடங்கினார். அசையாமல் நிமிர்ந்து நிற்பதும் அசையாமல் தரையில் கிடப்பதும் இரண்டு முடிவான நிலைகள். அவற்றுக்கு நடுவே சமநிலை குலைந்து மீண்டும் பெறப்படும் பரப்பில்தான் நடனம் இருக்கிறது என்றார். விழுதலும் மீள்தலும் அவருடைய கேள்வி. மெர்ஸ் கன்னிங்ஹாம் 1953ல் தன் குழுவை உருவாக்கி, இசையும் நடனமும் ஒரே கால அளவைப் பகிர்ந்துகொண்டால் போதும் என்று இரண்டையும் தனித்தனியே அமைத்தார். இசையமைத்தவர் ஜான் கேஜ். இசையில் சாய்ந்துகொள்ள முடியாதபோது ஆடுபவர் தன் உடம்புக்குள்ளேயே காலத்தை எண்ண வேண்டியிருக்கிறது. 1962ல் நியூயார்க்கின் ஜட்சன் தேவாலயத்தில் கூடிய இளம் கலைஞர்கள் நடப்பது, உட்காருவது, பொருளைத் தூக்குவது எல்லாமே நடனம்தானா என்று கேட்டார்கள். அவர்களில் ஒருவரான ஸ்டீவ் பேக்ஸ்டன் 1972ல் இரண்டு உடம்புகள் ஒன்றின் எடையை மற்றொன்று தாங்கும் 'கான்டாக்ட் இம்ப்ரோவைசேஷன்' முறையைத் தொடங்கினார். ஜெர்மன் நடன அமைப்பாளர் பீனா பௌஷ் 1975ல் மேடை முழுக்க மண்ணைப் பரப்பி ஆடவைத்தார். பாதம் புதைந்தது, வியர்வையில் மண் ஒட்டியது, மூச்சிரைப்பு பார்வையாளர் காதுக்கே கேட்டது. களைப்பை நடிக்கத் தேவையே இல்லாமல் போயிற்று. சென்னை நடன அமைப்பாளர் சந்திரலேகா 1985ல் 'அங்கிகா' படைப்பில் பரதத்தையும் களரியையும் யோகத்தையும் அருகருகே வைத்து, கதையும் அலங்காரமும் கழிந்த பிறகு முதுகெலும்பிலும் இடுப்பிலும் என்ன மிஞ்சுகிறது என்று தேடினார்.

கண்ணை மூடினாலும் தெரியும் உடம்பு

கண்ணை மூடிக்கொண்டு ஆள்காட்டி விரலால் மூக்கு நுனியைத் தொட்டுப் பாருங்கள். கை எங்கே இருக்கிறது, எவ்வளவு மடங்கியிருக்கிறது என்பது பார்க்காமலே தெரிகிறது. இதைத் தன்னுடல் உணர்வு என்று சொல்லலாம். உடலியங்கியல் அறிஞர் சார்லஸ் ஷெரிங்டன் 1906ல் இதற்கு அறிவியல் பெயர் சூட்டினார். தசைக்குள் இருக்கும் நுண்ணிய உணரிகள், தசை எவ்வளவு நீள்கிறது, எவ்வளவு வேகமாக நீள்கிறது என்று சொல்லிக்கொண்டே இருக்கின்றன. தசையை எலும்போடு பிணைக்கும் நாண்களில் உள்ளவை இழுவிசையைச் சொல்கின்றன. உள்காதின் மூன்று அரைவட்டக் குழல்கள் தலை திரும்புவதைச் சொல்கின்றன. பாதத்தின் தோல் தரையின் அழுத்தத்தைச் சொல்கிறது.

சமகால நடனப் பயிற்சியில் பெரும்பகுதி இந்த உணர்வைக் கூர்மையாக்குவதுதான். புதிதாக வருபவர்கள் ஆசிரியரின் கை எந்தக் கோணத்தில் இருக்கிறது என்று பார்த்து அதே கோணத்தில் தங்கள் கையை வைக்கிறார்கள். வடிவம் சரியாகவே வந்துவிடும். ஆனால் அசைவு பார்க்கச் செத்ததாக இருக்கும். காரணம், ஆசிரியரின் கை தோள்பட்டை எலும்பு சரிந்ததால் உயர்ந்தது. மாணவரின் கை மணிக்கட்டை இழுத்ததால் உயர்ந்தது. அசைவு எங்கே தொடங்குகிறது என்பதுதான் வேறுபாடு. எந்த அசைவைக் கற்றாலும் முதலில் கேட்க வேண்டியது "எங்கிருந்து?" என்பதையே.

கண்ணாடியும் இதே சிக்கலைத் தரும். கண்ணாடியைப் பார்த்து ஆடுகிறவர் கவனத்தை வெளியே அனுப்பிவிடுகிறார். தலை எப்போதும் முன்பக்கம் திரும்பியே இருப்பதால் கழுத்து இறுகுகிறது. இஸ்ரேலிய நடன அமைப்பாளர் ஓஹாட் நஹரின் உருவாக்கிய 'காகா' முறையின் வகுப்புகளில் கண்ணாடியே இருப்பதில்லை. வீட்டில் பழகுவதானால் சுவரைப் பார்த்து ஆடுங்கள். சரிபார்க்க வேண்டுமென்றால் கடைசியில் ஒரே ஒரு முறை வீடியோ எடுத்துப் பார்க்கலாம்.

முதல் பாடம்: நிற்பது

பேக்ஸ்டன் ஒரு பயிற்சியை விட்டுச்சென்றிருக்கிறார். அதற்குச் 'சின்ன நடனம்' என்று பெயர். செய்ய வேண்டியது நிற்பது மட்டுமே. என் கணிப்பில் ஒரு தொடக்கநிலையாளருக்கு இதைவிட நல்ல பாடம் இல்லை.

வெறுங்காலுடன், பாதங்களை இடுப்பு அகலத்துக்கு வைத்து நில்லுங்கள். முழங்காலைப் பின்னுக்குத் தள்ளிப் பூட்டாமல் ஒரு நூலளவு தளர்த்துங்கள். பார்வையை எதன் மீதும் குத்தாமல் விடுங்கள், அல்லது கண்களைப் பாதி மூடுங்கள். 5 நிமிடம் அப்படியே இருங்கள். முதல் ஒரு நிமிடத்தில் சும்மா நிற்பதாகத் தோன்றும். பிறகு உடம்பு நிற்கவே இல்லை என்பது தெரியவரும். கணுக்கால் மிக லேசாக முன்னும் பின்னும் ஆடுகிறது. எடை குதிகாலுக்குப் போகிறது, விரல்களின் அடிப்பகுதி அதைத் திருப்பி அனுப்புகிறது. மூச்சு வரும்போதெல்லாம் விலா விரிந்து சமநிலை சற்றே மாறுகிறது. விழாமல் காக்கும் இந்த அனிச்சைத் திருத்தங்களை நீங்கள் செய்வதில்லை, அவை நடந்துகொண்டிருக்கின்றன. அவற்றைக் கவனிப்பது மட்டுமே பயிற்சி.

இதில் கெட்டுப்போவது மூன்று இடங்களில். முழங்காலைப் பூட்டிக்கொண்டு நெடுநேரம் நின்றால் ரத்தம் கால்களில் தேங்கித் தலைசுற்றும். சுற்றினால் உடனே உட்கார்ந்துவிட வேண்டும். சிலர் வேண்டுமென்றே ஆடத் தொடங்குவார்கள். அப்போது கவனிப்பு போய் நடிப்பு வந்துவிடும். இன்னும் சிலர் நல்ல தோரணை என்று நினைத்து மார்பைத் தூக்கி வயிற்றை இறுக்குவார்கள். அந்த இறுக்கத்தில் சின்ன அசைவுகள் எதுவும் தெரியாது.

மூச்சும் முதுகெலும்பும்

அடுத்தது முதுகெலும்பைக் கண்ணி கண்ணியாக உணர்வது. கழுத்தில் 7, மார்புப் பகுதியில் 12, இடுப்புக்கு மேலே 5 என அசையும் முள்ளெலும்புகள் 24. பலருக்கு முதுகு ஒரே பலகையாகத்தான் உணர்வில் இருக்கும். அதைப் பிரித்தெடுக்க உதவுவது 'ரோல் டவுன்'.

நின்றபடி மூச்சை விட்டு, முகவாயை மார்பை நோக்கி விடுங்கள். தலை 4.5 முதல் 5 கிலோ வரை எடை கொண்டது. அந்த எடையே மீதியை இழுக்கட்டும். கழுத்து, மேல்முதுகு, நடுமுதுகு, அடிமுதுகு என்று 8 எண்ணிக்கையில் ஒவ்வொன்றாகக் கீழே சுருளுங்கள். கைகள் தொங்கட்டும், முழங்கால் மடங்கட்டும். கீழே ஒரு முழு மூச்சு. பிறகு 8 எண்ணிக்கையில் அடியிலிருந்து மேலாக அடுக்கி வாருங்கள். தலை கடைசியில்தான் வர வேண்டும்.

மிகச் சாதாரணமாக நடக்கும் பிழை, முதுகைச் சுருட்டாமல் இடுப்பில் கீல் போட்டதுபோல் நேராகக் குனிவது. தொடையின் பின்தசை இழுக்கும், முதுகு ஒன்றும் கற்காது. இன்னொன்று, கீழே போகும்போது எடை முழுவதும் குதிகாலுக்கு ஓடிவிடுவது. விரல்களின் அடிப்பகுதியும் தரையில் அழுந்தியிருக்கிறதா என்று பாருங்கள். எழும்போது தலையை முதலில் தூக்குவது கழுத்தை நோகடிக்கும். முதுகெலும்பில் வட்டு (டிஸ்க்) விலகல் உள்ளவர்கள், சமீபத்தில் முதுகுவலி வந்தவர்கள் நின்றபடி இதைச் செய்ய வேண்டாம். நாற்காலியில் உட்கார்ந்து பாதி தூரம் சுருண்டால் போதும். அதற்கும் முன் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது.

தரைக்குப் போவது

சமகால நடனத்தை உடனே அடையாளம் காட்டுவது தரையோடு அதற்குள்ள உறவு. பாலே மேலே எழும்ப விரும்புகிறது. இங்கே ஈர்ப்பு விசையைப் பகையாக எண்ணுவதில்லை. அது தரும் வேகத்தைப் பயன்படுத்திக்கொள்கிறார்கள். விழும் வேகம் வீணாகாமல் உருளலாக மாறி, உருளல் மீண்டும் எழுச்சியாகிறது. இது கண்ணுக்கு எளிதாகத் தெரியும். ஆனால் காயம் ஏற்படுவதும் பெரும்பாலும் இங்கேதான். அதனால் நிதானமாகப் பார்ப்போம்.

முதலில் தரை. கீழே சற்று விட்டுக்கொடுக்கும் மரத்தரை சிறந்தது. வெறும் சிமென்ட், கல், ஓடு பதித்த தரைகளில் குதிப்பதும் விழுவதும் கூடாது; அதிர்ச்சியைத் தரை வாங்காவிட்டால் முழங்காலும் முதுகும் வாங்கும். காலுறையோடு நின்றால் வழுக்கும். முழங்கால் பட்டை போட்டுக்கொள்வதில் வெட்கம் வேண்டாம், தொழில்முறை ஆட்டக்காரர்களே போடுகிறார்கள். உடம்பைச் சூடாக்க 10 முதல் 15 நிமிடம் ஒதுக்குங்கள்.

இறங்கும் வழி இது. நின்ற நிலையில் மூச்சை விட்டபடி முழங்கால்களை மடக்கி ஆழமாக இறங்குங்கள். வலப்பக்கம் போவதானால் வலது காலை இடது காலுக்குப் பின்னால் சரியவிடுங்கள். கீழ்க்காலின் வெளிப்புறம் தரையைத் தொடும், அடுத்துத் தொடையின் பக்கவாட்டு, பிட்டத்தின் சதைப்பகுதி, விலாவின் பக்கம், கடைசியில் நீண்டு சறுக்கும் வலது கை. தலை அந்தக் கையின் மேல் தாழும். எலும்பு முனைகள் அல்லாமல் சதையுள்ள பரப்புகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தரையைத் தொடுவதே இதன் சூட்சுமம். எடை ஒரே புள்ளியில் விழாமல் நீளமாகப் பரவுகிறது. முதலில் 16 எண்ணிக்கையில் இறங்கிப் பழகுங்கள். அது சுத்தமாக வந்த பிறகு 8, பிறகு 4. இரண்டு எண்ணிக்கைக்கு வாரங்கள் ஆகலாம்.

தரையில் படக் கூடாதவை: முழங்கால் சில்லு, வால் எலும்பு, முழங்கை முனை, விறைத்து நீட்டிய உள்ளங்கை. இதில் கடைசியது அனிச்சையாகவே நிகழும். பயந்தவுடன் கை முன்னே பாயும். முழு எடையும் மணிக்கட்டில் இறங்கும். பயந்தால் மூச்சையும் பிடித்துக்கொள்வோம். மூச்சு நின்றால் உடம்பு விறைக்கும், விறைத்த உடம்பு பாதி வழியில் தயங்கும், தயங்கிய உடம்பு மீதி தூரத்தைத் தொப்பென்று விழும். சத்தத்தைக் கேளுங்கள். ஓசையில்லாமல் தரையை அடைந்தால் சரியாகச் செய்கிறீர்கள். 'டங்' என்று கேட்டால் எந்த எலும்பு முதலில் பட்டது என்று உடம்பே சொல்லிவிடும்.

ஒரே அசைவு, பல முகம்

ருடால்ஃப் லாபன் 1928ல் நடனத்தை எழுதிவைக்கும் குறியீட்டு முறையை வெளியிட்டவர். அசைவின் தன்மையைப் பிரித்துப் பார்க்க அவர் தந்த நான்கு அளவைகள் தொடக்கநிலையில் மிகவும் கைகொடுக்கும். எடை வலுவானதா மென்மையானதா; காலம் சட்டென்றா நீடித்தா; வெளியைப் பொறுத்தவரை நேரான குறியா, சுற்றிவளைந்த கவனமா; ஓட்டம் கட்டுப்பட்டதா தடையற்றதா.

வலது கையைத் தோள் உயரத்துக்குத் தூக்குவதை எடுத்துக்கொள்ளுங்கள். வலுவாக, சட்டென்று, நேராக, கட்டுப்பட்டுத் தூக்கினால் குத்து. மென்மையாக, நீடித்து, சுற்றிவளைந்து, தடையின்றித் தூக்கினால் மிதத்தல். கை போய்ச் சேர்ந்த இடம் இரண்டிலும் ஒன்றே. பார்ப்பவரின் உடம்பில் ஏற்படும் உணர்வு முழுக்க வேறு. உணர்ச்சியை முகத்தில் பூசாமலே அது எப்படி வந்து சேர்கிறது என்பதற்கு இதுவே விடை.

ஒரு சின்னத் தொடரை அமைத்துப் பாருங்கள். மூன்று அசைவு போதும்: எடையை இடது காலுக்கு மாற்றுவது, முதுகைச் சுருட்டுவது, தரைக்கு இறங்குவது. மொத்தம் 16 எண்ணிக்கை. அதை நிறுத்தாமல் செய்யுங்கள். அடுத்த முறை இரண்டாவது அசைவை மட்டும் இரு மடங்கு மெதுவாக. அடுத்து, எல்லாவற்றையும் முதுகைப் பார்வையாளருக்குக் காட்டியபடி. அடுத்து, கடைசியிலிருந்து முதலுக்கு. அனேகமாக இந்த இடத்தில்தான் புதியவர்கள் அவசரப்பட்டு மேலும் மேலும் புதிய அசைவுகளைச் சேர்ப்பார்கள். சேர்க்காதீர்கள். இருக்கும் மூன்றிலேயே இன்னும் பார்க்காதது நிறைய இருக்கும்.

இன்னொரு உடம்பு

துணை ஒருவர் கிடைத்தால் முதுகோடு முதுகு சேர்த்து நில்லுங்கள். இருவரும் பாதங்களை ஓர் அடி முன்னே வைத்து, எடையைப் பின்னால் பகிர்ந்து மெல்ல உட்காரவும் எழவும் செய்யுங்கள். இருவரில் யார் தாங்குகிறார் என்று சொல்ல முடியாத ஒரு புள்ளி வரும். கான்டாக்ட் இம்ப்ரோவைசேஷனின் தொடக்கம் அதுதான். விரல்களால் இறுகப் பற்றுவது பெரிய தடை, பற்றிய இடத்தில் அசைவு நின்றுவிடும். திறந்த உள்ளங்கை, முன்கை, தோள், முதுகு இவை உருள இடம்தரும். இடுப்பை மடக்கிச் சாய்ந்தால் எடை போய்ச் சேராது. கணுக்காலிலிருந்து தலைவரை ஒரே கோடாகச் சாய வேண்டும். எங்கே தொடலாம், எங்கே கூடாது, எந்த நேரத்திலும் "போதும்" என்று சொல்லலாம் என்பதை ஆரம்பிக்கும் முன்பே பேசிக்கொள்ளுங்கள். இது மரியாதைக்கு மட்டுமில்லை. நம்பிக்கை இல்லாத தசை எடையைக் கொடுக்காது.

பார்ப்பவரும் உடம்போடுதான் பார்க்கிறார்

கயிற்றில் நடப்பவர் தடுமாறும்போது நம் வயிறு இறுகுகிறது. நடனத்தைப் பார்க்கையிலும் அப்படித்தான். 2005ல் லண்டனிலிருந்து வெளியான ஒரு மூளை ஆய்வில் பாலே கலைஞர்களுக்கும், நடனமும் தற்காப்பும் கலந்த பிரேசில் கலையான கப்போயிரா கலைஞர்களுக்கும் இரண்டு கலைகளின் அசைவுகளையும் காட்டினார்கள். தங்கள் உடம்புக்குப் பழக்கமான அசைவுகளைப் பார்க்கும்போது, மூளையில் இயக்கத்தோடு தொடர்புள்ள பகுதிகள் கூடுதலாகச் செயல்பட்டன. கொஞ்சமாவது ஆடிப் பார்த்துவிட்டு அரங்குக்குப் போவதில் இதனால்தான் பயன் இருக்கிறது. மேலே சொன்ன ரோல் டவுனைப் பத்து நாள் செய்த ஒருவர், மேடையில் ஒரு முதுகு சுருள்வதைத் தன் முதுகிலேயே உணர்வார்.

அரங்கில் முதல் பத்து நிமிடம் கதை தேடாமல் இருங்கள். எடை எங்கே, அசைவு எந்த மூட்டிலிருந்து தொடங்குகிறது, மூச்சு கேட்கிறதா, ஆடுபவர்களுக்கு இடையே தூரம் எப்படி மாறுகிறது என்று பாருங்கள். பிடிக்காவிட்டால் பிடிக்கவில்லை என்று சொல்லவும் உரிமை உண்டு. புரியாத எல்லாப் படைப்பும் ஆழமானதல்ல.

உடம்பிலேயே தங்கியிருக்கும் கலை என்பதால் இதைச் சேமித்துவைப்பதும் கடினம். கன்னிங்ஹாம் 2009ல் இறந்தபோது, இரண்டாண்டுப் பயணத்துக்குப் பின் தன் குழுவைக் கலைத்துவிடத் திட்டம் வகுத்திருந்தார். கடைசி நிகழ்ச்சி 2011 டிசம்பர் 31 அன்று நடந்தது. வீடியோக்கள், குறிப்புகள், உடை, ஒளி விவரங்கள் எல்லாம் தொகுத்து வைக்கப்பட்டன. இருந்தும் இன்று வேறொரு குழு அவருடைய படைப்பை எடுத்தால், அதை முன்பு ஆடியவர் ஒருவரே பயிற்சிக் கூடத்துக்கு வந்து கற்றுத்தருவது வழக்கம். கால் எங்கே போனது என்பதை வீடியோ காட்டும். அந்தக் கால் கிளம்புவதற்கு முன் எடை எந்தப் பக்கம் நகர்ந்தது, மூச்சு எப்போது விடப்பட்டது, எந்த எண்ணிக்கையில் முதுகு முந்திக்கொண்டது என்பதை ஆடிய உடம்புதான் காட்ட முடியும். நீங்களும் வீடியோ பார்த்து ஒரு தொடரைக் கற்பதானால், முதல் சுற்றில் கைகால்களை விட்டுவிட்டு இடுப்பை மட்டும் பாருங்கள். எடை மாறும் ஒவ்வோர் இடத்தையும் எண்ணிக்கையோடு குறித்துக்கொண்டு, அதை மட்டும் நடந்து பழகுங்கள். கைகளை அதற்குப் பிறகு சேர்க்கலாம்.